கேள்வி பதில்: ஊர் வெப்சைற்றுக்கு வந்த சனம் எங்கை போச்சுது?

இணையம் சம்பந்தமாக் கேளுங்கோ எண்டு போன இதழில ஒரு வரி போட்டம். வந்ததில கனக்க ஒரே மாதிரித்தான் கிடக்குது: முந்தி ஆக்கள் வந்தவை, இப்ப வருகினமில்லை, என்ன செய்யுறது. அதால இந்த முறை அதையே எடுப்பம். முதலாவது கடிதத்துக்குப் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

கேள்வி: தம்பி, நான் இளைப்பாறின வாத்தியார். எங்கட ஊருக்கெண்டு 2005இல ஒரு வெப்சைற் தொடங்கினனாங்கள். கனடாவில இருக்கிற என்ர பழைய மாணவன் ஒருத்தன்தான் செய்து தந்தவன். கோயில் திருவிழாப் படம், மரண அறிவித்தல், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாம் போடுவம். கொடியேத்தப் படம் போட்டால் அண்டு இரவே லண்டன், பாரிஸ், ரொறன்ரோ எண்டு விருந்தினர் புத்தகத்தில எழுதித் தள்ளுவினம். இப்ப ஒரு குஞ்சும் இல்லை. 2023க்குப் பிறகு கூகிள் கணக்கில பூச்சியம்தான் நிக்குது. மூடிப்போட்டு பேஸ்புக்கில நடத்துவம் எண்டு பெடியள் சொல்லுறாங்கள். இன்னொருத்தர் புது டிசைன் போட்டால் எல்லாம் சரிவரும் எண்டு பெரிய தொகை ஒண்டு கேக்கிறார். உங்கட அபிப்பிராயம் என்ன? — இளைப்பாறிய ஆசிரியர், வலிகாமம் மேற்கு

பதில்: மாஸ்டர், டிசைன் காசை இப்ப குடுக்காதேங்கோ. அந்தப் பூச்சியத்தை முதல்ல பாப்பம், ஏனெண்டால் அது சனம் வராததால வந்த பூச்சியமா இல்லாமல், எண்ணுறது நிண்டதால வந்த பூச்சியமா இருக்கத்தான் சாத்தியம் கூட. சைற்றுக்கு வாற ஆக்களை எண்ணுற கூகிள் அனலிற்றிக்ஸின்ர பழைய முறை 2023 யூலை 1ஆம் திகதியோட கணக்கெடுக்கிறதை நிப்பாட்டிப்போட்டுது, புது முறைக்கு மாறச்சொல்லி மாசக்கணக்கா மின்னஞ்சல் அனுப்பினவங்கள், அந்த மின்னஞ்சல் உங்கட மாணவன்ர பழைய முகவரிக்குப் போயிருக்கும், அவரும் பாத்திருக்கமாட்டார். உங்கட வெப்சைற்றுக்கு இண்டைக்கும் ஆரோ வந்துகொண்டுதான் இருப்பினம், எத்தினை பேர் எண்டு சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

அதோட கையோட இன்னொண்டு. டொமைன், அதுதான் சைற்றின்ர முகவரிப் பேர், ஆற்றை பேரில கிடக்குது, பாஸ்வேர்ட் ஆரிட்ட, வருசக் காசு எந்தக் கிரெடிட் காட்டில இருந்து போகுது? எங்கட ஊர்ச் சைற்றுகள் கனக்க வெளிநாட்டில இருக்கிற ஒரு பெடியன்ர காட்டிலதான் தொங்கிக்கொண்டு நிக்கிறது. அந்தக் காட் காலாவதியாகி, அவரும் கவனிக்காமல் விட்டால் பேர் போயிடும், பிறகு வேறை ஆரும் வாங்கி அதில சூதாட்டச் சைற் போட்டால் நீங்கள் ஒண்டும் செய்யேலாது. இண்டைக்கே அவருக்கு ஒரு கோல் எடுங்கோ. நிர்வாகசபையில ரெண்டு பேரிட்டயாவது அந்த விபரம் இருக்கவேணும்.

சரி, எண்ணுறதுக்கு வாறன். அனலிற்றிக்ஸைவிட உங்களுக்கு முதல்ல வேண்டியது கூகிள் சேர்ச் கொன்சோல். இலவசம். டொமைன் உங்கட எண்டு ஒருக்காக் காட்டினால் காணும், ஆக்கள் என்ன சொல்லைத் தேடி உங்கட பக்கத்தைக் கண்டவை, எத்தினை பேர் அமத்தி உள்ளுக்கு வந்தவை, எந்தப் பக்கத்தைக் கூகிள் சேர்க்காமல் விட்டிருக்குது, ஏன் விட்டது எண்டெல்லாம் காட்டும். 16 மாசக் கணக்கு வைச்சிருக்கும். முந்திச் சேர்த்திராட்டில் இனிமேல்தான் கணக்குச் சேரத் தொடங்கும், அதால இதைப் பிந்தவிடாதேங்கோ. கொடியேத்தத்துக்கு முதல் செய்தியள் எண்டால் இந்த வருசத் திருவிழாக் கூட்டத்தையாவது பாக்கலாம்.

நான் உங்கட சைற்றைப் போனில திறந்து பாத்தன். 2005, 2006 எண்டு தொடங்கின பழைய பக்கங்கள் ஒண்டும் வாசிக்கேலாது. ஆங்கில எழுத்தும் செமிகோலனுமாக் கொட்டுண்டு கிடக்குது. அது பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துரு. பாமினியில யாழ் எண்டு அடிச்சால் கண்ணுக்கு யாழ் எண்டு தெரியும், ஆனா உள்ளுக்க கிடக்கிறது ஆங்கில ஏ, எச், ஓ, அதுக்குப் பின்னால ஒரு செமிகோலன். அந்தக் காலத்தில இன்ரநெற் எக்ஸ்புளோரர் பக்கத்தோட சேத்து எழுத்துருவையும் இறக்கிக் காட்டினபடியால் எல்லாருக்கும் தமிழாத் தெரிஞ்சுது. அந்த எக்ஸ்புளோரரையே மைக்ரோசொப்ற் 2022 யூனில கைவிட்டிட்டுது. போனில பாமினி இல்லை. அதைவிட முக்கியம், கூகிளுக்கு அது தமிழே இல்லை. உங்கட ஊர்ப் பேரை ஆரும் தமிழில தேடினால் உங்கட பக்கத்தில அந்தப் பேர் கிடக்குது எண்டு கூகிளுக்குத் தெரிய வழியில்லை. பத்து வருசமா எழுதின ஊர் வரலாறு முழுக்க இருட்டுக்க கிடக்குது மாஸ்டர், நீங்கள் என்னடா எண்டால் டிசைனைப் பற்றி யோசிக்கிறியள்.

பாமினியை, போனும் கூகிளும் தமிழா வாசிக்கிற யூனிகோட்டுக்கு மாத்திற கருவியள் இலவசமாவே கிடக்கு, ஒட்டி அமத்தினால் மாறும். ஆனா நடுவில வாற ஆங்கிலப் பேரையும் தமிழ் எண்டு நினைச்சு மாத்திப்போடும், அதால ஒரு ஆள் இருந்து வாசிச்சுத் திருத்தத்தான் வேணும். ஏ.எல். எழுதிப்போட்டு நிக்கிற பெடியள் பெட்டையள் நாலு பேரைப் பிடியுங்கோ, ஆளுக்கு ஒரு வருசத்தைக் குடுங்கோ. டிசைனுக்குக் கேட்ட காசில கொஞ்சத்தை அவைக்குக் குடுத்தாலும் பிழையில்லை.

திருவிழாப் படங்கள் ஓடிக்கொண்டிருந்த இடத்தில இப்ப வெறும் சாம்பல் பெட்டி நிக்குது. அது பிளாஷ் எண்ட பழைய படம் ஓட்டுற மென்பொருள், 2020 கடைசியோட அடொபி அதை மூடிப்போட்டுது. படங்கள் சேவரில அப்பிடியேதான் இருக்கும், எடுத்துச் சாதாரணமா ஒரு பக்கத்தில அடுக்கினால் காணும், சுத்தி ஓடவேண்டிய தேவை ஒண்டும் இல்லை. சேவரிலயும் இல்லாமல்போன பக்கம் எண்டால் பழைய வெப் பக்கங்களைச் சேமிச்சு வைக்கிற வேபாக் மெசினில தேடிப் பாருங்கோ, சில நேரம் கிடைக்கும். மற்றது, சைற்றைத் திறந்தவுடன மேல 'நொற் செக்கியூர்', பாதுகாப்பில்லை எண்டு காட்டுது. 2018 யூலையில இருந்து குரோம் பழைய எச்ரிரிபி சைற் எல்லாத்துக்கும் அப்பிடித்தான் காட்டுறது. அதைக் கண்டவுடன லண்டனில இருக்கிற அன்ரி ஏதோ வைரஸ் எண்டு நினைச்சு மூடிப்போடுவா. அதை மாத்திற பாதுகாப்புச் சேர்ட்டிபிகேற் இலவசம், ஹொஸ்ரிங்காரரிட்டச் சொன்னால் போட்டுத் தருவினம்.

இனி மரண அறிவித்தல். இதிலதான் உங்கட சைற்றின்ர பெரிய பலம் கிடக்குது, அதையே நீங்கள் பாழாக்கிக்கொண்டு இருக்கிறியள். ஒவ்வொரு அறிவித்தலும் ஒரு படம். மேல பூ, நடுவில அன்னாரின்ர போட்டோ, கீழ பிறப்பு, இறப்பு, 'இன்னாரின் அன்பு மனைவியும் இன்னாரின் பாசமிகு தாயாரும்' எண்டு எல்லாம் போட்டோஷொப்பில எழுதி ஒரே படமா ஏத்தியிருக்கு. படத்தின்ர பேர் பாத்தால் கமராவில இருந்து வந்த ஏதோ நம்பர். பக்கத்தின்ர தலைப்பு 'மரண அறிவித்தல்', எல்லாத்துக்கும் அதே தலைப்பு. நாலு வருசம் கழிச்சு நோர்வேயில பிறந்த ஒரு பேரப்பிள்ளை அப்பம்மாவின்ர பேரை அடிச்சுத் தேடினால் என்னெண்டு அகப்படும்? உடனடிச் செய்தியில பெரிய அறிவித்தல் சைற்றுகளோட நீங்கள் போட்டி போடேலாது, செத்தவீட்டுச் செய்தி வட்ஸ்அப்பில அரை மணித்தியாலத்துக்குள்ள உலகம் சுத்திடும். ஆனா வருசங்கள் கழிச்சுத் தேடுற ஆளுக்கு வட்ஸ்அப்பில ஒண்டும் கிடைக்காது. ஆனபடியால் படத்துக்குக் கீழ முழு விபரத்தையும் ரைப் பண்ணுங்கோ, தலைப்பில முழுப்பேரும் ஊரும் வருசமும் வரட்டும், பேரை ஆங்கிலத்திலயும் ஒருக்கா எழுதுங்கோ. வீட்டுக்காரரின்ர போன் நம்பரை மட்டும் அந்தியேட்டி முடிய எடுத்துவிடுங்கோ, அது சும்மா கிடந்தால் மோசடிக்காரர் பொறுக்கிக்கொண்டு போவாங்கள்.

பேர் எண்டவுடன ஞாபகம் வந்தது, எங்கட இடப்பேருகள் பெரிய வில்லங்கம். சுன்னாகத்தை ஆங்கிலத்தில கே போட்டும் எழுதுவினம், ஜீ போட்டும் எழுதுவினம். ஊர்காவற்றுறை எண்டு ஒருத்தர் தேடுவார், கயிற்ஸ் எண்டு மற்றவர் தேடுவார், பருத்தித்துறைக்கும் பொயின்ற் பெட்ரோவுக்கும் அதே கதைதான். உங்கட ஊருக்கும் ரெண்டு மூண்டு எழுத்து முறை இருக்கும்தானே. ஊரைப் பற்றின பக்கத்தில எல்லாத்தையும் ஒரு வசனத்தில சேத்து எழுதிவிடுங்கோ. வெளிநாட்டில வளந்த பிள்ளையள் தமிழ் கதைப்பினம், தேடேக்க ஆங்கிலத்தில அடிப்பினம்.

பேஸ்புக்குக்கு மாறுறதைப் பற்றி: பக்கம் ஒண்டு வைச்சிருங்கோ, ஆனா வீட்டை அங்கை மாத்தாதேங்கோ. 2018 தை மாசம் பேஸ்புக்காரர் சொந்தக்காரர், சிநேகிதர் போடுறதைத்தான் முன்னுக்குக் காட்டுவம், பக்கங்கள் போடுறதைக் குறைப்பம் எண்டு வெளிப்படையாவே சொல்லிப்போட்டினம், அதுக்குப் பிறகு பக்கத்தில போட்டது பின்தொடருற எல்லாருக்கும் போய்ச்சேரும் எண்டு நம்பேலாது. மூண்டு வருசத்துக்கு முந்திப் போட்ட தேர்த்திருவிழாப் படத்தை அதுக்குள்ள தேடி எடுத்துப் பாருங்கோ, விசர் பிடிக்கும்.

வட்ஸ்அப்பைப் பாவியுங்கோ. ஊர்ச் சங்கக் குழு லண்டனுக்கு ஒண்டு, சுவிசுக்கு ஒண்டு எண்டு எப்பிடியும் கிடக்கும். படம் முழுக்க அதுக்குள்ள கொட்டாமல், ஒரு நல்ல படமும் லிங்கும் போடுங்கோ. லிங்க் போடேக்க படமும் தலைப்பும் சேர்ந்து வரவேணும், உங்கட சைற்றில வருகுதில்லை, வெறும் நீல எழுத்தா நிக்குது. ஓப்பின் கிராப் எண்ட சின்னக் குறியள் பக்கத்தில இல்லாததால அப்பிடி, உங்கட மாணவனிட்டச் சொன்னால் அவருக்கு விளங்கும். நேரத்தையும் பாத்துப் போடுங்கோ. இஞ்ச இரவு 8 மணி எண்டால் கோடை காலத்தில லண்டனில பின்னேரம் மூண்டரை, ரொறன்ரோவில காலமை பத்தரை. ஞாயிற்றுக்கிழமையில அது நல்ல நேரம்.

விருந்தினர் புத்தகம் திரும்ப உயிர்க்கும் எண்டு நான் சொல்லமாட்டன், அந்தக் காலம் போச்சுது. சும்மா 'உங்கள் கருத்துகளை எழுதுங்கள்' எண்டால் ஒருத்தரும் எழுதாயினம். ஆனா பள்ளிக்கூடத்தில ஒரு பழைய குறூப் போட்டோ எடுங்கோ, எழுபதுகளில எடுத்தது எண்டால் இன்னும் நல்லது, அதைப் போட்டு, 'பின்வரிசையில இடப்பக்கம் மூண்டாவதா நிக்கிறது ஆர்?' எண்டு மட்டும் கேளுங்கோ. சண்டை பிடிச்சுக்கொண்டு வந்து எழுதுவினம். அது நான் எண்டும், இல்லை அது என்ர தம்பி எண்டும், அந்த வருசம் அதிபர் இன்னார் இல்லை எண்டும் வரும். வந்த பேரை எல்லாம் படத்துக்குக் கீழ ஒழுங்காச் சேருங்கோ. அண்டையோட அது வேறை எங்கையும் கிடைக்காத ஒரு பக்கம். நாட்டுச் செய்தி, சினிமாச் செய்தி எண்டு மற்ற சைற்றில இருந்து வெட்டி ஒட்டிறதை நிப்பாட்டுங்கோ, அதுக்கு உங்களிட்ட ஒருத்தரும் வரமாட்டினம்.

திருவிழாவுக்கு வருசாவருசம் புதுப் பக்கம் திறக்கிறதையும் விடலாம். ஒரு நிரந்தரப் பக்கம் வைச்சு, இந்த வருசக் கொடியேத்தம், தேர், தீர்த்தத் திகதியளை மேல போட்டு, போன வருசத்தைக் கீழ இறக்கிக்கொண்டு போங்கோ. சனம் கேக்கிறது திகதி, பிளேன் ரிக்கெற் போட. இதெல்லாம் செய்தாலும் கூகிள் திரும்ப வந்து பாத்துச் சேர்க்கச் சில கிழமையும் எடுக்கும், சில மாசமும் எடுக்கும்.

கேள்வி: அண்ணா, நான் யாழ்ப்பாணச் சமையல் குறிப்புகளுக்கு ஒரு சைற் நடத்துறன். வேர்ட்பிரஸ் எண்ட மென்பொருளில செய்தது. நல்லாப் போய்க்கொண்டிருந்தது. போன வருசம் ஒருத்தரைப் பிடிச்சுப் புதுசா மாத்தினன், லிங்கில இருந்த திகதியையும் எடுத்துவிட்டவர். அதுக்குப் பிறகு கூகிளில இருந்து வாறது அறுந்துபோச்சு. வாற ஒண்டு ரெண்டு பேரும் உடன போயிடினம். — ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, மாத்தின அண்டில இருந்து அறுந்தது எண்டால் காரணம் மாத்தினதுக்குள்ளதான் கிடக்குது, சமையலில இல்லை. வேர்ட்பிரஸ் செற்றிங்கில ரீடிங் எண்ட இடத்துக்குப் போங்கோ. தேடுபொறியள் இந்தச் சைற்றைச் சேர்க்கவேண்டாம் எண்டு சொல்லுற ஒரு சின்னப் பெட்டி கிடக்கும். வேலை நடக்கேக்க அதுக்கு ஒரு சரி போட்டு வைப்பினம், முடிஞ்சாப் பிறகு எடுக்க மறந்திடுவினம். ஊருப்பட்ட சைற் இப்பிடித்தான் செத்தது.

அது சரியா இருந்தால் அடுத்தது லிங்க். பழைய லிங்கை அமத்திப் பாருங்கோ, 404, பக்கம் இல்லை எண்டு வந்தால் அதுதான் விசயம். இத்தினை வருசமா ஆக்கள் சேமிச்சு வைச்சதும், மற்றவை தங்கட பக்கத்தில போட்டதும், கூகிளுக்குத் தெரிஞ்சதும் பழைய முகவரிதான். ஒவ்வொரு பழைய முகவரியையும் அதுக்குரிய புதுப் பக்கத்துக்கு 301 எண்ட நிரந்தரத் திருப்பல் போட்டுத் திருப்பவேணும். எல்லாத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுற சோம்பேறித்தனம் வேண்டாம், ஒடியல் கூழ் தேடி வந்த ஆளை முகப்பில கொண்டந்து விட்டால் அவர் போயிடுவார், கூகிளும் அதை இல்லாத பக்கமாத்தான் எடுக்கும். திருப்பினதைக் குறைஞ்சது ஒரு வருசம் வைச்சிருக்கச்சொல்லிக் கூகிளே சொல்லுது, என்னைக் கேட்டால் எடுக்கவே வேண்டாம். முகவரியைத் தமிழில வைக்கிறதோ எண்டு கடிதத்தின்ர அடியில கேட்டிருந்தியள். கூகிளுக்குப் பிரச்சினையில்லை, ஆனா கொப்பி பண்ணி அனுப்பேக்க 'யாழ்' எண்ட ஒரு சின்னச் சொல்லே சதவீதக் குறியும் இலக்கமுமா 36 எழுத்தா நீளும், பாக்கிறவை பயந்திடுவினம். புதுசாப் போடுறதுக்கு ஆங்கில எழுத்தில சின்னனா வையுங்கோ, பழசைத் தொடாதேங்கோ.

உடன போறதுக்குக் காரணம் எனக்குத் தெரிஞ்சு ரெண்டு. போனில எடுத்த படத்தை அப்பிடியே ஏத்தியிருக்கிறியள், ஒண்டொண்டும் நாலு அஞ்சு எம்பி. பக்கத்தின்ர பெரிய பகுதி ரெண்டரைச் செக்கனுக்குள்ள தெரியவேணும் எண்டது கூகிளின்ர அளவு, உங்கட நண்டுக் குழம்பு எனக்குத் தெரிய நான் தேத்தண்ணி குடிச்சு முடிச்சிட்டன். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைச்சு, வெப்பி எண்ட பாரம் குறைஞ்ச பட வடிவத்தில போடுங்கோ.

ரெண்டாவது அளவு. 'ஒரு சுண்டு அரிசி' எண்டு எழுதினால் உங்கட அம்மாவுக்கு விளங்கும், பாரிசில தனியா இருந்து சமைக்கிற பெடியனுக்கு விளங்காது. சுண்டை விடாதேங்கோ, பக்கத்தில கிராமையும் எழுதுங்கோ. ஒடியல் கூழுக்குக் கீழ ஆரோ 'மாவை எவ்வளவு நேரம் ஊறவைக்கிறது, கசக்காதோ' எண்டு கேட்டு, மறுமொழி இல்லாமல் கிடக்குது. கேள்வி கேட்ட ஆளுக்குப் பதில் சொல்லாமல் விட்டுப்போட்டு ஆக்கள் கதைக்கினமில்லை எண்டு கவலைப்படக்கூடாது. அந்தப் பதிலைக் குறிப்புக்குள்ளயே எழுதிவிடுங்கோ, அதைத் தேடி இன்னும் ஆக்கள் வருவினம்.

கேள்வி: ஒரு சிறு தொகைக்கு மாசம் பத்தாயிரம் பேரை எங்கட சைற்றுக்கு அனுப்பித் தாறன் எண்டு ஒருத்தர் சொல்லுறார். விளம்பரக் காசும் கூடுமாம். குடுக்கலாமோ? — சாவகச்சேரி வாசகர்

பதில்: வேண்டாம். வாறது மனுசர் இல்லை, புரோகிராம். தமிழ்ச் சைற்றுக்கு 2018 மாசியில இருந்துதான் கூகிளின்ர விளம்பரத் திட்டமான அட்சென்ஸே கிடைச்சது, இப்பிடிப் போலி வருகையைப் பிடிச்சாங்கள் எண்டால் கணக்கை மூடிப்போட்டு சேர்ந்த காசையும் நிப்பாட்டுவாங்கள்.

கேள்வி: ஏஐயைக் கொண்டு ஒரு நாளைக்கு இருபது கட்டுரை எழுதிப் போட்டால் வருகை திரும்பக் கூடுமோ? — யாழ்ப்பாணம் திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவர்

பதில்: கொஞ்ச நாளைக்குக் கூடினாலும் கூடும். ஆருக்கும் உதவாத பக்கங்களை ஆயிரக்கணக்கில குவிக்கிறதைக் கூகிள் 2024 பங்குனியில ஸ்பாம் விதியளுக்குள்ள எழுதிச் சேத்தது, ஆள் எழுதினதோ மெசின் எழுதினதோ எண்டு பாக்கிறேல்லை, குவியலைத்தான் பாக்கிறது. அதைவிடப் பெரிய கேள்வி, பொதுவான கேள்விக்கு இப்ப கூகிளே மேல பதிலைத் தயாரிச்சுப் போடுது, அதையே திரும்ப எழுதின உங்கட பக்கத்தை ஏன் அமத்தவேணும்? நீங்கள் கம்பஸுக்குப் பக்கத்தில இருக்கிறியள். எந்த ஒழுங்கையில தங்குறதுக்குப் போடிங் கிடக்குது, வாடகை எவ்வளவு, தண்ணி உப்போ நல்லதோ, இரவு எத்தினை மணிவரைக்கும் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கும் எண்டு நடந்து பாத்து ஒரு பக்கம் எழுதுங்கோ. புதுசா வாற மாணவரும் அவையின்ர தாய் தேப்பனும் ஒவ்வொரு வருசமும் அதைத்தான் தேடுவினம், அதை எழுதி வைச்ச ஆள் இன்னும் ஒருத்தரும் என்ர கண்ணில படேல்லை.